ஒரு சாண்

பத்திரத்தில் இப்படித்தான் இருக்கிறது:
கிளிநொச்சி நகரெல்லை, தென்வாய்க்கால் ஓரம்,
நீளம் ஆயிரத்து நூறு மீற்றர்,
அகலம் ஓரிடத்தில் நாற்பது, ஓரிடத்தில் எழுபது,
ஆழம் ஒரு சாண்.
அந்த ஒரு சாணுக்குத்தான்
நிலம் பாதுகாப்பானது என்று
எங்கள் அணி கையெழுத்து வைத்தது.

சுரண்டியவர்களில் நானும் ஒருத்தி.
முகமூடிக்குள் வியர்வை ஓட
குந்தியிருந்து
மண்ணைப் பக்கத்தால், பக்கத்தால்.
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகல நிலம்,
நல்ல நாளென்றால் ஒன்றரைப் பாய்.
கருவி கத்தினால் அனேகமாகச் சோடாமூடி,
மீன் ரின், ஒருதரம் சைக்கிள் மணி.
மற்ற நேரங்களில்
விசில் ஊதிவிட்டு எல்லோரும் பின்னால் நடப்போம்,
வந்த தடத்திலேயே.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஓர் அணை,
அந்தப் பக்கம் இன்னோர் அணை.
நடுவில் தண்ணீருக்கு மட்டும்
பாஸ் தேவைப்படவில்லை.
குளத்தைத் திறந்தால் வந்தது.
இரவில் இரண்டு பக்கத்து வாளிகளும்
அதற்குள்தான் இறங்கியிருக்கும்.
பிறகு கதவு துருப்பிடித்தது,
ஆற்றுவாழை மூடியது.
ஒருவரும் கால் வைக்காத வருடங்களில்
இந்த இடம் அழகாகிப்போனது,
அதையும் சொல்லவேணும்.
கம்பி அறுக்க வந்த முதல் காலை
பதின்மூன்று மயில் எண்ணினேன்.
மயிலின் பாரம் காணாது, வெடிக்காது
என்றாள் சுகிர்தமலர்.
மாட்டின் பாரம் காணும்.

இப்போது விமலேந்திரன் வந்து நிற்கிறார்,
பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்.
சுருட்டிய படத்தை விரிக்கிறார்:
ஏராளமாய்ப் பச்சை மை,
நடைபாதை, பதினாறு வாங்கு, வளைந்த சிறு பாலம்,
நூற்றிருபது மரம்.
"மருது, நாவல், விண்ணாங்கு.
குழி இரண்டரை அடி போடுங்கோ,
ஆணிவேர் இறங்கவேணும்."

சாணைக் காட்டினேன்.
விரலைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார்,
நின்ற இடத்திலிருந்து
மெதுவாக ஒரு காலைத் தூக்கினார்.
திரும்பவும் வைக்க இடம் தெரியவில்லை.

மெசின் பிடிக்க மதிப்பீட்டில் காசில்லை.
புல்லு மட்டும் போட்டால்
திறப்புவிழாவுக்கு வருகிறவர் எதை நடுவார்?
மூன்று நாள் கடிதம் எழுதினார்கள்.
நாலாம் நாள் நான்தான் சொன்னேன்:
தோண்டவேண்டாம் சேர், மேலே கொட்டுவம்.
வாய்க்கால் தூர்வாரிய சேறு
மலைபோலக் கிடக்குது.
அதைக் குவிச்சு, குவியலிலே கன்றை வைப்பம்.
வேர் தானாகக் கீழே போகும்,
அவசரப்படாது.
ஏதாவது இருந்தால்
பக்கத்தால் விலகும்.

வரிசைக்குப் பன்னிரண்டாய்ப் பத்து வரிசை கொட்டினோம்,
படத்தில் இருந்ததுபோலவே.
பின்னேரம் வேலை முடித்துத் திரும்பிப் பார்த்தால்
வீதியில் மோட்டார்சைக்கிள்கள் நிற்கின்றன.
ஒருவரும் இறங்கவில்லை.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
ஒருத்தி மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றி
மடியில் வைத்திருந்தாள்.
மாரிக்கு முன் நனைந்த புது மண்
ஆளுயர நீளத்தில், வரிசையாக.

விமலேந்திரனுக்கும் விளங்கியது.
அந்த இரவே சபை லைற்றைப் போட்டுக்கொண்டு
வரிசையைக் குலைத்தோம்.
இங்கே மூன்று, அங்கே ஒன்று,
பாலத்தடியில் ஒரு கூட்டம்,
நீள்மேட்டை வட்டமாக்கி,
படத்தை மடித்து அவர் காற்சட்டைப் பைக்குள் வைத்தார்.
விடியும்போது
கிறுக்குப் பிடித்தவன் நட்ட தோட்டம்போல இருந்தது.
நல்லது.

மரங்கள் தப்பிவிட்டன.
வாங்குகளுக்கு அந்த வழியில்லை:
கொங்கிறீற்றுக் கால் ஓரடி இறங்கவேணுமாம்.
அதற்கு மட்டும் பழைய முகமூடியை
இரவல் கேட்டு வாங்கியிருக்கிறேன்.
ஒரு வாங்குக்கு நாலு கால்,
ஒரு காலுக்கு ஒரு நாள்,
குந்தியிருந்து, பக்கத்தால்.
இன்றைக்கு ஒன்பதாவது வாங்கு, மூன்றாவது கால்.
நேற்று முடித்ததில்
ரியூசன் விட்டு வந்த இரண்டுபேர்
இப்போதே ஏறி உட்கார்ந்து
சீமெந்து காயவில்லை என்றால்
கேட்கிறார்களில்லை.